சாவு டேப்பும் வேகம் கூட்டிய கம்ப்யூட்டரும்

இரண்டாயிரத்து மூன்று அல்லது நான்காக இருக்கும். பங்குனி மாசம், நல்ல வெயில். அப்போது திருவனந்தபுரத்தில், கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கடையில் வேலை பார்த்தேன். லைட் பிடிக்கிற வேலை. கல்யாண வீட்டில் கேமராக்காரர் பக்கத்தில் ஒருவன் விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பானே, அவன்தான் நான். சொந்த ஊர் வள்ளியூர் பக்கம். படிப்பு ஆறாவதோடு சரி. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கடை முதலாளி நாகர்கோவில்காரர். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். கேமரா அவரே பிடிப்பார்.

கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சாவுக்கும் போவோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது விநோதமாக இருக்கலாம். அங்கே அது சாதாரணம். வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருப்பார். அப்பாவோ அம்மாவோ செத்தால் லீவு கிடைக்காது. அவர் பிறகு பார்ப்பதற்காக வீடியோ எடுக்கச் சொல்வார்கள்.

இதில் அண்ணாச்சிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. டேப்பை ஒரு தடவையோடு தூக்கிப் போடுவதில்லை. பழையதன் மேலேயே புதியதைப் பதிவோம். ஒருமுறை சாவு எடுத்த டேப்பிலேயே கல்யாணம் எடுத்துவிட்டார். கல்யாண வீட்டில் ஆசைப்பட்டு அன்றைக்கே டி.வி.யில் போட்டுப் பார்த்தார்கள். கல்யாணம் முடிந்த இடத்துக்குப் பிறகு, டேப்பின் மீதியில் இருந்த பழைய பிணம் வந்தது. பெண்ணின் அம்மா மயங்கி விழுந்துவிட்டார். அதிலிருந்து சாவுக்கென்று இரண்டு டேப் தனியாக, பரண்மேல் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். சாவுக்குப் போகும்போது அதில் ஒன்றை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

கடையில் எடிட்டிங் பார்த்தவர் வலியசாலை அக்கிரகாரத் தெருக்காரர். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டிக்காரர். அண்ணாச்சி அவரைச் சாமி என்பார். அந்த மாசம்தான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். கல்யாண சீசன். ஒரு கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்து சி.டி.க்கு மாற்ற ராத்திரி முழுக்க ஆகும். எடிட்டருக்கு அது பிடிக்கவில்லை. வேகத்தைக் கூட்டலாம் என்றார்.

"புதுசுதான சாமி. அதுக்குள்ள என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. கம்பெனிக்காரன் எப்பவும் கொறச்சு வெச்சுத்தான் விப்பான். உள்ள இன்னும் சக்தி இருக்கு, நாம எடுத்துண்டா போறும்."

ஓவர்கிளாக் என்று அதற்குப் பேர் சொன்னார். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு பட்டனை அழுத்தினால் நீலத் திரையில் எழுத்தாக வரும். அதில் பிராசஸருக்கான நம்பரைக் கொஞ்சம் கூட்டுவார். ராம் என்கிற மெமரிக்கும் கூட்டுவார். ஓட்டிப் பார்ப்பார். நின்றுபோனால் கொஞ்சம் குறைப்பார். இப்படியே கூட்டிக் குறைத்து, நிற்காமல் ஓடுகிற இடத்தில் விட்டார். சூடு அதிகமானதால் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தார்.

அண்ணாச்சி கையை நீட்டிப் பார்த்தார். "தோச சுடலாம் போலிருக்கே."

"ஃபேன் நிக்கப்படாது, கேட்டேளா. அவ்வளவுதான்."

வேலை வேகமாகத்தான் நடந்தது. காலையில் போட்டால் மத்தியானம் சி.டி. கையில். அண்ணாச்சிக்கும் சந்தோஷம்.

அந்த நேரத்தில் விழிஞ்ஞத்தில் ஒரு சாவு. இறந்தவர் கடலுக்குப் போகிற வள்ளக்காரர். ஒரே மகன் கல்ஃபில். பாஸ்போர்ட்டை அங்கே இருக்கிற முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு விடவில்லை. மாதா கோயிலில், சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து இறந்தவருக்கு முத்தம் கொடுப்பார்கள். பிறகு வெள்ளைத் துணியால் முகத்தை மூடிவிடுவார்கள். அந்த வரிசையில் நின்ற அவர் மனைவி என் கையிலிருந்த லைட்டைப் பிடித்து இழுத்தார்.

"முகத்தில வெட்டம் விழட்டும் மோனே. என்ட மகன் அப்பன கண்டு கொல்லம் நாலாச்சு."

வெட்டம் என்றால் வெளிச்சம், கொல்லம் என்றால் வருஷம். நான் லைட்டைக் கிட்டே கொண்டுபோனேன். அண்ணாச்சி அந்த முகத்தை விட்டுக் கேமராவை எடுக்கவில்லை.

மறுநாள் அந்த ஊர்க்காரர் ஒருவர் விமானம் ஏறுகிறார், அவர் கையில் சி.டி.யைக் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அப்போதெல்லாம் தினமும் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். யு.பி.எஸ். கம்ப்யூட்டரைத் தாங்கியது. ஃபேனைத் தாங்கவில்லை. எடிட்டர் என்னைப் பார்த்தார். நான் ஒரு ஆல்பத்தின் அட்டையை எடுத்து, கரண்ட் வரும்வரை அந்தப் பெட்டிக்கு விசிறினேன். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. சி.டி. தயாரானது.

கல்யாணம் என்றால் முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். சாவை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஆரம்பம் ஓடுகிறதா என்று பார்த்தோம். ஓடியது. கொடுத்துவிட்டோம். கம்ப்யூட்டரில் இடம் போதாது, அதனால் எடிட்டர் அதிலிருந்ததை அழித்தார். டேப் டின்னுக்குப் போனது.

அடுத்த வாரம் சாலைத் தெருவில் ஒரு லாட்ஜில் இன்னொரு சாவு. ஓட்டலில் சமையல் வேலை பார்த்த பெரியவர், தென்காசிப் பக்கத்து ஆள். மனைவி இல்லை. மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். ஊருக்குக் கொண்டுபோகவும் ஆள் இல்லை. இங்கேயே எரித்துவிடுங்கள், வீடியோ மட்டும் எடுத்து அனுப்புங்கள் என்று மகள் போனில் சொன்னாளாம். கைக்குக் கிடைத்த டேப்பை எடுத்துக்கொண்டு போனோம்.

மாடியில் ஒரு சின்ன அறை. கயிற்றில் இரண்டு சட்டை. ஓட்டலில் மத்தியானக் கூட்டம் என்பதால் சப்ளையர் இரண்டு பேரைத்தான் அனுப்பியிருந்தார்கள். வண்டிக்காரர் உடம்பைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். குறுகலான மாடிப்படி. இரண்டு பேரால் இறக்க முடியாது.

அண்ணாச்சி கேமராவிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தார். "ஏல, லைட்ட வை. ஒரு கை பிடி." நான் பிடித்தேன். அப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் கேமராவை நிறுத்திப் படியில் வைத்துவிட்டு நாலாவது ஆளாக வந்தார். வண்டிவரைக்கும், பிறகு மயானத்தில் உள்ளே வைக்கும்வரைக்கும் நாங்கள் நாலு பேர்தான் தூக்கினோம். அதற்குப் பிறகு கேமராவைத் திறக்கவே இல்லை. திரும்பி வரும்போது, "அந்தப் புள்ளைக்குக் கொஞ்சந்தான் கெடைக்கும்" என்றார்.

இது நடந்து நாலைந்து நாள் இருக்கும். விழிஞ்ஞத்து அம்மா கடைக்கு வந்தார். மகன் போன் செய்தானாம். கோயில்வரைக்கும் படம் நன்றாக இருக்கிறது. உள்ளே போன பிறகு அப்பா முகம் இருக்கிற இடமெல்லாம் உடைந்த ஓடு மாதிரி கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கிறது. போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறான். அழுகிற சத்தம் கேட்கிறது, முகம் இல்லை.

"எனக்குப் பைசா திரிச்சு வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "முகம் மதி." பணம் திரும்ப வேண்டாம், முகம் மட்டும் போதும் என்கிறார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கடையில் ஒரு பிரதி வைத்திருந்தோம். எடிட்டர் போட்டுப் பார்த்தார். அதிலும் அப்படித்தான். அவர் முகம் வெளிறிவிட்டது. என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கரண்ட் போன நேரம். சூட்டில மெமரி பிசகியிருக்கு. நின்னு போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும் அண்ணா. நிக்காமத் தப்பா ஓடியிருக்கு."

இனி டேப்தான். "டின்ன எடுல" என்றார் அண்ணாச்சி. "சமையக்காரருக்கு எதக் குடுத்த?"

"தெரியல அண்ணாச்சி. மேல கெடந்தது."

இரண்டும் ஒரே மாதிரி டேப். ஒன்றைக் கேமராவில் போட்டு டி.வி.யில் பார்த்தோம். அது போன வருஷத்துச் சாவு, வேறு யாரோ. அப்படியென்றால் சமையல்காரரை எடுத்தது விழிஞ்ஞத்து டேப்பின் மேலேதான். எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது. அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. எடிட்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி அடுத்த டேப்பைப் போட்டார். லாட்ஜ் அறை வந்தது. கயிற்றில் சட்டை. பெரியவரின் கால். மாடிப்படி. டி.வி.யில் அண்ணாச்சியின் குரலே கேட்டது. "ஏல, லைட்ட வை. ஒரு கை பிடி." படம் இருண்டது. சட்டை, கை, சுவர், எதுவும் சரியாகத் தெரியவில்லை. பிறகு அறுந்தது.

அறுந்த இடத்தில் மணிச் சத்தம் கேட்டது. கோயில் மணி.

எங்களுக்கு என்னவென்று பிடிபடுவதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த மணி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் ஏறுகிறார்கள். வீட்டில் எடுத்தது, தெருவில் எடுத்தது எல்லாம் போய்விட்டது. அது சி.டி.யில் நன்றாகவே இருக்கிறது. போகாமல் மிச்சம் இருந்தது கோயிலும் அந்த முகமும்தான். சமையல்காரருடையது இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

எடிட்டர் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டார். யாரும் சொல்லாமலே நீலத் திரைக்குப் போய், கூட்டியதையெல்லாம் பழையபடி குறைத்தார். தகட்டை எடுத்து மாட்டினார்.

"இனி நேரம் ஆகும், அண்ணாச்சி" என்றார்.

"ஆவட்டும் சாமி. மெதுவாப் போட்டும்." அவ்வளவுதான் அண்ணாச்சி சொன்னது. திட்டவில்லை.

அந்த அம்மாவும் வீட்டுக்குப் போகவில்லை. நான் வாங்கி வந்த சாயாவைக் குடித்துவிட்டு அங்கேயே இருந்தார். டேப்பில் மிஞ்சியதைப் புது சி.டி.யாக மாற்றி முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தோம். சாவுப் படத்தைப் போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற எடிட்டர், அன்றைக்கு ஒரு இடத்திலும் திரும்பவில்லை. கடைசியில் வெள்ளைத் துணி வந்து மூடியது. அந்த அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சி.டி.யை வாங்கினார். மகனுக்கு அது கிடைத்தது என்று பிறகு ஆள் வந்து சொன்னார்கள்.

சமையல்காரரின் மகளும் ஒருநாள் போன் செய்தாள். படம் ஏன் அப்படி இருட்டாகி நிற்கிறது என்று கேட்டிருப்பாள் போல.

அண்ணாச்சி மறைக்கவில்லை. "தூக்க ஆளு கொறஞ்சுதும்மா. அதான் கேமராவக் கீழ வச்சிட்டேன். தப்பா நெனைக்காத."

தூக்கியது யார் யார் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அண்ணாச்சி சப்ளையர் இரண்டு பேரின் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சொன்னார். தன் பெயரைக் கடைசியாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு, "எழுதி வச்சிக்கிடுதாளாம்" என்றார்.

அந்தக் கடை இப்போது இல்லை. நான் ஊருக்கு வந்து பந்தல் லைட் போடுகிறேன். விழிஞ்ஞத்து மகனையும் குவைத்து மகளையும் நான் கண்டதில்லை, அவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியவும் தெரியாது. எந்த வேலையையாவது சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று மனசு பறக்கும்போதெல்லாம், அண்ணாச்சி கேமராவைப் படியில் வைத்துவிட்டு நாலாவது ஆளாக வந்து நின்றது கண்முன் வருகிறது, என் கையும் தானாக மெதுவாகிவிடுகிறது.