மூச்சைப் பிடித்த படங்கள்

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் எக்ஸ்ரே. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எக்ஸ்ரே வந்தாச்சா?" "எக்ஸ்ரேக்கு டீ போச்சா?" இருபத்தாறு வருடமாக அந்த அறைதான் அவருக்கு எல்லாம். ஒரு நாளைக்கு அறுபது பேரையாவது பலகையோடு ஒட்டி நிறுத்தி, "நேரா நில்லுங்க, தோளை முன்னால தள்ளுங்க, தாடையத் தூக்குங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்பார். தடுப்புக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துவார். உடனே கண் திரைக்குப் போய்விடும், படம் ஆடியிருக்கிறதா என்று பார்க்க. அங்கே பார்த்துக்கொண்டே, "ம்... விடலாம்" என்பார். ஆள் பாட்டுக்கு மூச்சை விட்டுக்கொண்டு சட்டையைத் தேடுவார்.

ஊரையே அசையாமல் நிறுத்துகிற மனிதர், தான் மட்டும் ஓர் இடத்தில் நிற்கமாட்டார். எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான். உட்கார்ந்தால் தொடை ஆடும். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். பஸ் வருவதற்கு முன்பே படியேறுகிற தோரணையில் நிற்பார்.

இந்த அவசரம் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தெரிந்தது அவருடைய போனில்தான். வெயில்காலம் பாதிகூடத் தாண்டியிருக்காது, வால்பேப்பரில் கார்மேகம் திரண்டுவிடும். உண்மையான மழை வந்து குடையை விரிப்பதற்குள், போனில் பனி மூடிய மலை. பனிக்கு வீட்டில் இன்னும் போர்வையே எடுத்திருக்க மாட்டார்கள், அங்கே மஞ்சள் பூ பூத்துக் குலுங்கும். எல்லாம் யாரோ எங்கேயோ எடுத்த படங்கள்.

"அப்பா எப்பவும் அடுத்த மாசத்துலதான் குடியிருக்காரு" என்பாள் மகள். "சாப்பிட மட்டும் இந்த மாசத்துக்கு வருவாரு."

மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்பாள். "உலகத்துல இருக்கிற மலையெல்லாம் உங்க போன்ல இருக்கு. நாங்க ரெண்டு பேரும் எங்கங்க?"

"நீங்கதான் நேர்லயே இருக்கீங்களே" என்று சமாளிப்பார்.

உண்மை அதுவல்ல. அவர் எடுத்த படம் ஒன்றுகூட முகப்பில் வைக்கிற லட்சணத்தில் இல்லை. எடுப்பதில் குறைச்சலே கிடையாது, ஆயிரக்கணக்கில் எடுத்து வைத்திருந்தார். ஆனால் கடற்கரையானாலும் கல்யாண வீடானாலும் அவருக்கு வேறு விதமாக ஆளை நிறுத்தத் தெரியாது. முதலில் ஒரு சுவரைத் தேடுவார். பிறகு தோள், தாடை, மூச்சு. கன்னம் உப்பி, கண் பிதுங்கி எல்லோரும் நிற்கும்போது பொத்தானை அழுத்தி, மூலையில் விழுகிற குட்டிப் படத்தை உற்றுப் பார்த்தபடி "ம்... விடலாம்" என்பார். அண்ணன் குடும்பத்தை அப்படி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மா, "பாவம், எல்லாருக்குமே நெஞ்சுச் சளியா?" என்று கேட்டார்.

ஒரு திங்கட்கிழமை மகளுக்கு வேலை உத்தரவு வந்தது. பாலம் கட்டும் வேலை, ரயிலில் இரண்டு நாள் போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். முதல் லீவு பதினாலு மாதம் கழித்துத்தான். அவர் சந்தோஷப்பட்டார், வாய் நிறையப் பாராட்டினார், பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்தபோது முடிவு செய்திருந்தார். போன் முகப்பிலிருந்து மலை போக வேண்டும். அந்த இடத்தில் மகள் வர வேண்டும், அதுவும் சிரித்த முகமாக.

அன்றைக்கே ஆஸ்பத்திரிப் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு கேமரா கண்ணாடியைத் துடைத்தார். அத்தனை வருட அழுக்கு வந்தது. செவ்வாயன்று போனில் பாடம் கேட்டார். வெளிச்சம் முகத்தில் பட வேண்டும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது, தூரத்தில் நின்று பெரிதாக்கக் கூடாது, கிட்டே போக வேண்டும். மனைவி அளவுக்காக மாட்டி வைத்திருந்த திரைச்சீலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மகளை ஜன்னலருகே நிறுத்தினார். புதன்கிழமை திரையில் கோடு கோடாகக் கட்டம் வரவழைத்து, அவள் கண் எந்தக் கோட்டில் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டார். எல்லாம் சரியாகத்தான் வந்தது. முகம் மட்டும் நோயாளி முகம்.

"சும்மா இயல்பா நில்லு கண்ணு."

"இயல்பான்னா எப்படிப்பா?"

"இயல்பான்னா... தாடையக் கொஞ்சம் தூக்கி."

"அப்பா, எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லப்பா!"

வியாழக்கிழமை இருமலோடு ஒரு தச்சர் வந்தார். அவரைப் பலகையோடு ஒட்டி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்தாயிற்று. தடுப்புக்குப் பின்னால் இவர் திரையைப் பார்த்துவிட்டு, அப்படியே பையிலிருந்த போனை எடுத்து நேற்றைய படங்களைத் தள்ள ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, பதினைந்து. தாடை, தாடை, தாடை.

"சார்..." என்று கீச்சுக்குரல் கேட்டது. "விடலாமா?"

தச்சர் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கதவருகே நின்ற நர்ஸ் அக்கா ஓடி வந்து அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தச்சர் போன பிறகு இவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன எக்ஸ்ரே, ஆளையே முடிச்சிருப்பீங்க போலிருக்கே! புத்தி எங்க மேயுது?"

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கடைசியில், "எனக்குப் பயமா இருக்குக்கா" என்றார். "அவ சிரிச்சா எப்படி இருப்பான்னு நேத்து யோசிச்சுப் பாத்தேன். சட்டுனு மனசுக்கு வரவே இல்ல."

"பெத்த பொண்ணு சிரிப்பு மறக்குமா?"

"மறந்தா பரவாயில்லையே. நான் பாத்தேனான்னே தெரியல."

நர்ஸ் அக்கா தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த ஆளை உள்ளே அனுப்பினார்.

சனிக்கிழமை மகள் பெட்டி கட்டினாள். இவர் போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளும் வெளியிலுமாக அலைந்தார். பத்து முறை பொறுத்தவள் பதினோராவது முறை கையிலிருந்த துணியைக் கட்டிலில் எறிந்தாள். "இன்னிக்கு ஒரு நாள் அந்தப் போனைக் கீழ வச்சிட்டு என்கூட உக்காருங்கப்பா." உட்கார்ந்தார். தொடை ஆடியது. அவள் அதன் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். ஐந்து நிமிடம் தாங்கியது. பிறகு, பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். பூட்டு ஏற்கெனவே இருந்தது.

ஞாயிறு காலை ரயில் நிலையத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பெட்டியை ஏற்றிவிட்டு மகள் வாசலில் வந்து நின்றாள். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

"கடைசியா ஒண்ணு கண்ணு" என்று போனை உயர்த்தினார். இந்த முறை அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வாய் கேட்டால்தானே? "மூச்சைப் பிடி" என்று வந்துவிட்டது. அவளும் ஒழுங்காகத் தாடையைத் தூக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். அழுத்தினார். மூலையில் விழுந்த குட்டிப் படத்தைப் பார்த்தார். "ம்... விடலாம்." அதே முகம். அவர் நிமிர்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. வாசலில் வேறு யாரோ கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மனைவியோடு வீடு வந்து சேர்ந்தார். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவள் மிஷினில் உட்கார்ந்ததும் இவர் மகளின் அறைக்குப் போய், வெறும் மெத்தையில் உட்கார்ந்து, அந்தக் கடைசிப் படத்தைத் திறந்தார். அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். மனம் வரவில்லை. கட்டை விரலை அவள் உப்பிய கன்னத்தின் மேல் வைத்தவர், அப்படியே எடுக்காமல் இருந்தார்.

படம் அசைந்தது.

"ம்... விடலாம்" என்று அவர் குரலே போனுக்குள்ளிருந்து கேட்டது. கன்னம் வற்றியது. அடக்கிய மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்து, அழுகையும் சிரிப்புமாக மகள் வெடித்தாள். "ஐயோ அப்பா!" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சிரிப்பு. அத்துடன் நின்றுவிட்டது.

மிஷின் சத்தம் பட்டென்று அடங்கியது. கையில் கத்தரிக்கோலோடு மனைவி ஓடி வந்து வாசலில் நின்றாள். அறையில் மகளைத் தேடினாள். "சிரிச்சாளே? இப்பதான் கேட்டுச்சு..."

அவர் போனை நீட்டினார்.

இருவரும் அந்த மெத்தையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அழுத்திப் பார்த்தார்கள். ஒரு வருடத்துப் படம் அத்தனையிலும் அது இருந்தது. புதன்கிழமைப் படத்தில் மூச்சை விட்டுவிட்டு அவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். கடற்கரையில் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். அண்ணன் குடும்பமேகூட, விடலாம் என்றதும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தது.

மகளுக்குப் போன் போட்டார். ரயில் சத்தத்துக்கு நடுவே கத்திக் கேட்டார். "இந்தப் படம் அசையுதே, நீதானே செட்டிங்கை மாத்தி வச்சே? எப்ப?"

"கண்டுபிடிச்சிட்டீங்களா! போன வருஷம், நீங்க மேகத்தை எடுத்துட்டு மலையை வச்சீங்களே, அன்னிக்கு. போட்டோ எடுத்த பிறகும் ரெண்டு செகண்ட் சத்தத்தோட சேந்து பதிவாகும்."

"சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"ஒரு போட்டோ மேல ஒரு நிமிஷம் விரலை வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ப்பா. நீங்கதான் அடுத்ததுக்குப் போயிடுவீங்களே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவர் போன் முகப்பில் கன்னம் உப்பிய மகள் நிற்கிறாள். "பொண்ணுக்கும் நெஞ்சுச் சளியா?" என்று ஆஸ்பத்திரியில் கேலி செய்கிறார்கள். மழை வந்துவிட்டுப் போயிற்று, பனியும் வந்தாயிற்று. அந்தப் படத்தை அவர் மாற்றவில்லை. அவசரம் ஒன்றும் அவரை விட்டுப் போய்விடவில்லை. டீயில் நாக்கைச் சுட்டுக்கொள்கிறார், தொடை ஆடுகிறது, பதினாலு மாதத்தை நாள் நாளாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் பொத்தானை அழுத்தியதும் திரைக்குத் திரும்புவதில்லை. தடுப்புக் கண்ணாடி வழியாக ஆளைப் பார்த்துக்கொண்டு, "ம்... விடலாம்" என்கிறார். மூச்சை விடும்போது முக்கால்வாசிப் பேர் லேசாகச் சிரிக்கிறார்கள். இருபத்தாறு வருடமாக அவருக்கு இது தெரியாது.