கீறுவதற்கு ஒரு பாறை

சினிமாவுக்குப் பாறை செய்கிறவன் நான். கோடம்பாக்கத்தில் என் கொட்டகை. தெர்மோகோலைச் செதுக்கி, பிளாஸ்டர் பூசி, சாயம் அடித்தால் கேமராவுக்கு அது மலைதான். இந்த வேலையில் எனக்கு மேல் ஒருவன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்.

போன வருஷம் தி. நகர் காண்டிராக்டர் ஒருவர் என்னை ஒரு மலைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக ஓடும் பெரிய பாறை. மனுஷனே பிறக்காத காலத்துப் பாறை என்று பலகை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் நின்று படம் எடுக்க, அதிலேயே போல்ட் அடித்து ஒரு குகை வாசல் கட்டவேண்டுமாம்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கை எட்டும் உயரம் வரைக்கும் பேர்கள், அம்பு துளைத்த இதயங்கள். எல்லாம் சாவியாலும் ஆணியாலும் கீறியது. இதில் நான் வேறு டிரில் போடுவதா?

"முடியாது" என்றேன்.

"இன்னா மாஸ்டர், கல்லுக்கு வலிக்குமா?"

"உடைஞ்சா யாராலயும் ஒட்ட முடியாதுய்யா. என் கல்லுன்னா நாளைக்கே வேற செஞ்சு தருவேன்."

"வேற ஆள் கீது எனக்கு."

"கூப்பிடு. கிட்டப் போனா அவன் பாறை தெர்மோகோல்னு குழந்தைகூட சொல்லும்."

அவருக்கும் அது தெரியும். அசலைத் தொடாமல் தனியாக ஒரு பொய்ப் பாறை கட்டலாம் என்றேன்; கடைசியில் அதற்கே வந்தார். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் கம்பிவலை கட்டி, சிமென்ட் பூசி, அதே பட்டைகளோடு இரண்டு மடங்கு பெரிய பாறையும் குகையும் கட்டினேன். மழை படாத உட்சுவரில் மட்டும் மெத்தென்ற பிளாஸ்டர்.

கூட வேலை செய்த மச்சான் தொட்டுப் பார்த்தான். "மாமா, நகம் பட்டாலே கீறுதே!"

"அதுக்குத்தாண்டா."

பொங்கல் லீவில் போய்ப் பார்த்தேன். குகைக்குள் நிற்க இடமில்லை. சுவரில் பேர் கீறிக்கொண்டிருந்த ஒருத்தன் என்னைப் பார்த்ததும் சாவியை மறைத்தான்.

"சார், செக்யூரிட்டியா?"

"இல்லடா. நல்லா ஆழமாப் போடு. சுவர் நிறைஞ்சா திரும்பப் பூசித் தரேன்."

பிறகு அசல் பாறைக்குப் போனேன். ஒரு கணவனும் மனைவியும் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. முன்பு போனில் எடுத்த படத்தை வைத்து ஓரம் ஓரமாக ஒப்பிட்டேன். அத்தனையும் பழைய கீறல். புதிதாக ஒன்றே ஒன்று, கீழ் மூலையில் ஒரு இதயம்.

அதைக் கீறின நாய் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.