ஆடியில் மாற்றக் கூடாத பாஸ்வேர்டு

பிற்பகல் இரண்டு மணி, நின்றுபோன பன்னிரண்டு மின்விசிறிகள், குழந்தைவேல் என்ற கோழிப்பண்ணைக்காரர். என் தொழிலை விளக்க இவை போதும். மின்விசிறி, கேமரா, கதவு என்று இணையத்தில் இணைத்த கட்டடக் கருவிகளுக்குள் வெளியாள் புகாமல் காப்பது என் பிழைப்பு. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்குத் தெரியும்: பூட்டச் சொல்கிறவனைத்தான் இங்கே முதலில் சந்தேகப்படுவார்கள்.

லாரி முகப்பில்

கொட்டகை விளக்குகள் தாமாகவே அணைந்து எரிகின்றன என்று குழந்தைவேலின் மனைவி மல்லிகா என்னைக் கூப்பிட்டிருந்தார். நாமக்கல் பக்கத்தில் புதிதாகக் கட்டிய மூடிய கொட்டகை அது. சன்னல் கிடையாது. காற்று, குளிர்ச்சி, தண்ணீர், விளக்கு எல்லாம் ஒரு கருவியின் பொறுப்பு. அதை செல்போனிலேயே இயக்கலாம். விசிறி நின்றால் கோழிகள் மூச்சடைத்துச் சாகும்.

வெளியாள் யாரோ அதை இயக்கிப் பார்க்கிறான் என்று பட்டது. பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். குலதெய்வத்தின் பெயராம். அதே பெயர் குழந்தைவேலின் லாரி முகப்பிலும் பண்ணை வாசல் வளைவிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. ரோட்டில் போகிறவன் படித்துவிட்டு உள்ளே வரலாமே என்றேன். குழந்தைவேல் சிரித்தார். "சாமி பேரு வெச்ச எடத்துல எவனுங்க கை வைப்பான்?"

பங்காளிகள்

கருவியைப் பொருத்திய டீலர், குழந்தைவேலின் பங்காளிகளுடைய பண்ணைகளுக்கும் அதையே பொருத்தியிருந்தார். எல்லோருக்கும் ஒரே குலதெய்வம், ஒரே பாஸ்வேர்டு. இது என்ன அநியாயம் என்று டீலருக்குப் போன் போட்டேன். தப்பு செய்தவர் என் மேல் எரிந்து விழுந்தார்.

"ஆளுக்கொண்ணு வெச்சா மறந்துபோட்டு எனக்குத்தானுங்க போன் அடிப்பாங்க. நீங்க பயங்காட்டிப்போட்டுப் போயிருவீங்க!"

ஆடி பிறந்துவிட்டது

இப்போதே மாற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றேன். குழந்தைவேல் தலையாட்டவில்லை. "ஆடி பொறந்திருச்சுங்க. புதுசா எதுவும் தொடங்கக் கூடாது. ஆவணியில நல்ல நாள் பார்த்து மாத்திக்கலாம்." புகுந்து கெடுக்கிறவன் பஞ்சாங்கம் பார்ப்பானா என்று கேட்டேன். மல்லிகாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, ஆடித் தள்ளுபடின்னு சேலம் போயி செல்லு வாங்கியாந்தீங்களே, அப்ப ஆடி தெரியலையாக்கும்?"

எல்லோரும் கோயிலில்

அடுத்த வாரம் பங்காளிகள் எல்லோரும் குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனார்கள். அந்த நேரத்தில் யாரோ உள்ளே புகுந்து எல்லாப் பண்ணைகளிலும் விசிறிகளை நிறுத்திவிட்டான். அபாய மணியையும் அணைத்துவிட்டான். ஒரே சாவிதானே, அவனுக்கு என்ன சிரமம்? இரண்டு மணிக்குத் திரும்பிய குழந்தைவேல் என்னை அழைத்தார். நான் போனபோது மல்லிகா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். டீலர் போனில், "நெட்டு கோளாறா இருக்குமுங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இணைப்பைத் துண்டித்தேன்.

குழந்தைவேல் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி கலையவில்லை. "விசிறி நின்ன நேரம் அந்தப் பேரைச் சொல்லித்தானுங்க கும்புட்டுக்கிட்டு இருந்தேன்."

ஆவணி மாதத்து முதல் முகூர்த்த நாளில், நல்ல நேரம் பார்த்து, காலிக் கொட்டகைக்குப் புதிய பாஸ்வேர்டு வைத்தார்கள்.