கடைசி ஸ்லைடு

மதுரையில் டாக்டர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்றால் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பிரியாணித் தட்டுச் சத்தம் கேட்டால் பாடம் முடிந்தது. அன்று சர்க்கரை நோய்க்கான புது மாத்திரையைப் பற்றிய ஆய்வுகளைச் சொல்லிக்கொண்டிருந்தவர் கடைசி ஸ்லைடுக்கு வந்தபோது பாதி அரங்கு காலி. போன வகுப்பில் நானும் அப்படி எழுந்து ஓடியவள்தான். இந்த முறை வரிசை நீளமாக இருந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

"விரதம், வாந்தி என்றால் இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். சர்க்கரை அதிகம் காட்டாது, நாம் ஏமாந்துபோவோம்."

இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று போன வகுப்பில் கேட்ட வேகத்தில், அதே மாத்திரையை என் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் பார்ப்பவர். ஆற்றில் இறங்கும் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வேண்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் விரதம் இருந்தார்.

போன் போட்டேன். மதினி எடுத்தார்.

"காலையிலருந்து வாந்தி தாயி. மூச்சு வேற வாங்குது. இங்கன டாக்டர்ட்ட காமிச்சோம், சுகர் நல்லாத்தான் இருக்காம். வாயுன்னு ஊசி போட்டாரு. நீ பதறாத."

"மதினி, வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்பவே கார் புடிச்சு எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நான் அங்க போறேன்."

நான் போய்ச் சேர்ந்தும் அவர்கள் வரவில்லை. மறுபடி அழைத்தால், "காளவாசல் சிக்னல்ல நிக்கிறோம், வண்டி நகரமாட்டேங்குது" என்றார் மதினி. பின்னால் அண்ணன் மூச்சு இரைப்பது போனிலேயே கேட்டது. திருவிழாக் கூட்டத்தை, சிக்னலை, தட்டு ஏந்தி ஓடிய என்னை, எல்லாரையும் திட்டித் தீர்த்தேன்.

ஒருவழியாக அண்ணன் ஸ்ட்ரெச்சரில் வந்தார். நாக்கு வறண்டு, கண் செருகிக் கிடந்தார். அமிலம் ஏறியிருக்கிறதா என்று தெரிய, ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொன்னேன். டியூட்டி டாக்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சுகர் நூத்தி எழுபதுதான் மேடம். கீட்டோன் எதுக்கு?" என்றார்.

"எடுங்க தம்பி!" நான் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

ரத்தத்தில் அமிலம் ஏறித்தான் இருந்தது. சலைன், அமிலத்தை இறக்க இன்சுலின், சர்க்கரை ஒரேயடியாக இறங்காமலிருக்கக் குளுக்கோஸ் எல்லாம் ஓட ஆரம்பித்தன. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்பவள், அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்து நின்றேன். அழகர் மேல் கோபம் வந்தது. அவரிடமே வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

மறுநாள் காலையில் மூச்சு சீரானது. அண்ணன் கண் திறந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, ஊருல அவனவன் விரதம்னு மாத்திரைய விட்டுட்டு வந்து என்கிட்ட வசவு வாங்குறான். நீ மட்டும் ஏன் வெறும் வயித்துல முழுங்குன?"

அண்ணன் உலர்ந்த உதட்டை நனைத்துக்கொண்டார்.

"அந்த வசவுக்குப் பயந்துதான் தாயி. சோத்த விட்டேன். ஒன் மாத்திரைய ஒரு நா விடல."