பெயர்த்தெடுத்த தண்டவாளம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது ரேணுகாவுக்கு. அவள் இதைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். அன்றைக்கு உடனிருந்த லாரிக்கார முத்துவேல் சொல்லித்தான் வெளியே தெரிந்தது.

குன்னூருக்கு மேலே ஒரு சின்ன ரயில்வே கேட்டில் ரேணுகா கேட் கீப்பர். தேயிலைக் கொழுந்து விலை படுத்துக் கிடந்த காலம் அது. பக்கத்துச் சரக்கு யார்டில் பெட்டிகளைக் கோர்க்கவும் கழற்றவும் இன்ஜின் சாலையைத் தாண்டி முன்னும் பின்னும் போய்வரும். அதுவரை கேட் மூடியே கிடக்கும். கொழுந்து லாரிகள் வரிசையில் நிற்க, சாக்குக்குள் இலை சூடேறிக் கறுத்துவிடும். ஃபேக்டரியில் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொறுத்துப் பார்த்த விவசாயிகள் மறியலில் உட்கார்ந்தார்கள். கடைசியில் யார்டையே மாற்றி அமைத்தார்கள். சாலையைக் கடந்த சரக்குத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் தார் போட்டார்கள். பெட்டி கோர்த்துக் கழற்றும் ஷண்டிங் எல்லாம் இனி யார்டின் மறுகோடியில். கேட்டை அடைப்பது ஊட்டி ரயிலுக்கு மட்டும்தான்.

ரேணுகாவுக்கும் நிம்மதி. லாரிக்காரர்களிடம் ஏச்சு வாங்க வேண்டாம்.

அந்த மாதமே ஒரு மத்தியானம். மூடுபனி சாலையை விழுங்கியிருந்தது. கேட் அறையில் போன் அடித்தது.

"ஷண்டிங். கேட்டை அடை."

தெரியாத குரல். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்கள். பழக்கம்... கை தானாகக் கேட்டை இறக்கியது.

பனிக்குள்ளிருந்து ஒரு லாரி வந்து நின்றது. முத்துவேல் இறங்கினான்.

"ஏனுங்க அக்கா, இப்ப என்ன ரயிலு?"

"ஷண்டிங்னு போன் வந்துச்சுங்க."

"தண்டவாளமே இல்லீங்களே. இந்த லோடும் திரும்பி வந்தா, லாரிய வித்துட்டு ஊரப் பாத்துப் போக வேண்டியதுதான்."

அவன் சொன்னது நியாயம். ரேணுகா ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் விஜயபாஸ்கர்தான் எடுத்தார். எப்போதும் கேட்கும் அவர் குரல். அதே இருமல்.

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. திற. லாரியை விடு."

அவள் வெளியே வந்தபோது முத்துவேல் பொறுமையிழந்து, ஒரு சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு அடியில் நுழைந்திருந்தான். புதுத் தாரின் மேல் நின்றான்.

"பாருங்க. வெறும் ரோடு."

கேட்டைத் தூக்கக் கைப்பிடியைப் பற்றினாள்.

கைப்பிடி நடுங்கியது.

டக்... டக்... டக்...

இரும்பின் மேல் இரும்பு உருளும் சத்தம். ஊட்டிப் பாதையில் இல்லை. இந்தப் பக்கம். தார் போட்ட இடத்தில்.

"முத்துவேலு, வெளிய வாங்க."

சாக்கைப் போட்டுவிட்டு அவன் பின்னால் பாய்ந்தான்.

காற்று முகத்தில் அறைந்தது. கிரீஸ் நாற்றம்.

ஒரு பெட்டி... இன்னொன்று... இன்னொன்று...

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

சத்தம் மட்டும்.

பிறகு அதுவும் இல்லை.

சாக்கு மூன்று துண்டாகக் கிடந்தது. பழைய தண்டவாளத்தின் இரண்டு கோடுகள் ஓடிய அதே இடத்தில், கத்தி வைத்ததுபோல் அறுந்திருந்தது. தாரில் ஒரு கீறல்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் பக்கமிருந்து லைன்மேன் நெல்சன் தோளில் ஒரு சுமையோடு மூச்சிரைக்க நடந்து வந்தான்.

"அக்கா, லைன மாத்தறோங்க, உங்க போன் வேலை செய்யாதுங்க. அதைச் சொல்லத்தான் காலையிலயே கிளம்பினேன், பனியில நின்னு நின்னு வரவேண்டியதாப் போச்சு."

"இப்பத்தான் சார் பேசினாரு. கேட்டைத் திறக்கச் சொன்னாரு."

"சாருங்களா? அவரு நேத்தே லீவுல மேட்டுப்பாளையம் போயிட்டாருங்களே."

சொல்லிக்கொண்டே நெல்சன் தோள் சுமையை இறக்கிவைத்தான். கேட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஓடிய போன் ஒயர் முழுவதும் அதில் சுருளாக இருந்தது.