மாப்பிள்ளையை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்

எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, மருமகனுக்கு யார் சோறு போடுவது என்பதுதான். கேட்டது உம்மா. பதில் சொன்னதும் உம்மாவே. "நான் இரிக்கிறன்தானே. நீ போய்ட்டு வா புள்ள." அந்த மருமகனுக்கு மனைவி என்ற முறையில் என்னிடமும் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

கல்முனைப் பக்கம் எங்கள் ஆட்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவராக வந்துவிட மாட்டார். பெண் வீட்டார் போய் மரியாதையாக அழைத்துவர வேண்டும். என் கணவரையும் அப்படித்தான் வேன் பிடித்துப் போய்க் கூட்டிவந்தார்கள். என் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிய வீட்டில், என் உம்மாவின் சமையலில், ஆறு வருடமாக அவர் ஒரு குறையும் இல்லாமல் இருந்தார். அவருக்கு போன் திருத்தும் கடையில் வேலை. எனக்குக் கட்டடப் படம் வரையும் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றது கொழும்பு அலுவலகம்.

தெஹிவளையில் ஓர் அனெக்ஸ் வாடகைக்கு எடுத்தேன். சமைக்க ஒரு குசினி, படுக்க ஓர் அறை. குசினியில் நின்று கையை நீட்டினால் கட்டிலைத் தொடலாம். முதல் கிழமையே அவருக்கு போன் எடுத்தேன்.

"ரெண்டு பேர் தாராளமா இரிக்கலாம்," என்றேன்.

"அப்பிடியா, நல்லம்."

"பக்கத்துல போன் கடை கனக்க இரிக்கி."

"ஓம், கொழும்புதானே. இரிக்கும்."

இதற்கு மேல் ஒரு பெண் எப்படித்தான் சொல்வது? நானும் வருகிறேன் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரட்டும் என்று பார்த்தேன். வரவில்லை. ஆத்திரத்தில் போனைக் கட்டிலில் எறிந்தேன். அறை அவ்வளவுதான் என்பதால் அது குசினிக்குள் போய் விழுந்தது.

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, சனி ஞாயிறில், ஊருக்குப் போவேன். உம்மா பாரை மீன் ஆணம் வைத்திருப்பார். நடுத்துண்டுகள் எல்லாம் மருமகனின் சோற்றுக் கோப்பைக்குப் போகும், வால் எனக்கு வரும். "மருமகன் மெலிஞ்சி போனார்," என்று உம்மா கவலைப்பட்டார். மெலிந்த மருமகன் இடுப்புப் பட்டியைத் தளர்த்தப் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். உண்மையில் மெலிந்தவள் நான். தனியாக உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவர் பக்கத்தில் இருந்து ஏதாவது சளசளத்துக்கொண்டிருந்தால்தான் இறங்கும். இதை அவரிடம் சொன்னால் தலையில் ஏறிவிடுவார் என்று சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் முடியும்போது அலுவலகத்தில் கடிதம் தந்தார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். இவர் இன்றும் வாய் திறக்காவிட்டால் வேலையை உதறிவிடுவது என்று முடிவு. பகல் சாப்பாடு முடிந்தது. அவர் மின்விசிறிக்குக் கீழே கட்டிலில் சாய்ந்தார். என் பொறுமையும் முடிந்தது.

"நான் வேலைய விடப்போறன். சந்தோசமா?"

அவர் துள்ளி எழுந்தார். "ஏன் விடுற? உனக்குப் புடிச்ச வேலதானே?"

"மூணு மாசமா நான் தனியக் கிடக்கன். நானும் வாறன் எண்டு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"நீ கூப்பிடல்லியே."

"என்னது?"

"அது உன்ட வீடு. கூப்பிடாம நான் எப்பிடி வாறது?"

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தார். சட்டைகள், சாரன்கள், போன் திருத்தும் சாமான்கள், எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. நான் போன இரண்டாம் கிழமையே கட்டி வைத்தாராம். கடை முதலாளியிடமும் சொல்லி வைத்தாராம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. பையின் மேல் தூசி படிந்திருந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை நாலு போடலாம் போலவும் இருந்தது. "சரி, வாங்க," என்றேன்.

"இப்பிடி எரிஞ்சி விழுந்தா கூப்பிடுற? ஒழுங்காக் கூப்பிடு."

ஒழுங்காகக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

மறுநாள் உம்மா நாலு பேருக்குப் போதுமான சோற்றுப் பார்சல் கட்டினார். பார்சலின் முடிச்சை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். த்ரீவீலர் வாசலுக்கு வந்தது. அவர் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் உம்மாவைச் சீண்டினேன். "என்ன உம்மா, மருமகன் போறார் எண்டு கவலயா?"

உம்மா என் சால்வையைச் சரிசெய்தார். "அவர் போனா எனக்கென்ன புள்ள? அவர் இஞ்ச இரிந்தா நீ ரெண்டு கிழமைக்கொருக்கா வருவாய். அதுக்குத்தான் அவர அப்பிடிப் பாத்தன்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.