வால்வு தேய்க்க இரண்டு கை வேண்டும்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் கடை. புல் வெட்டும் மெசின், தண்ணீர் பம்பு என்று சின்ன இன்ஜின்களைப் பழுது பார்ப்போம். வேலை என் வீட்டுக்காரருடையது. சாமான் எடுத்துக் கொடுப்பதும் வாயடிப்பதும் என்னுடையது. போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், ஒரு ரப்பர் பந்தைத் தந்து தினமும் பிசையச் சொன்னாள். "நான் என்னா கைக்குழந்தையா?" என்று அதைத் தூக்கி எறிந்தார். அந்தப் பந்தாலேயே அவரை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு. கை வராமலே போய்விடுமோ என்ற பயம்தான் அப்படிக் கோபமாக வந்தது.

அந்தச் சமயத்தில் பந்திங்கிலிருந்து ஒரு செம்பனைத் தோட்டக்காரர் பம்பைக் கொண்டு வந்தார். வால்வு சரியாக மூடவில்லை. அதன் விளிம்பில் மணல் மாதிரி நறநறக்கும் பேஸ்ட் தடவி, நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த மரக்குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, பருப்பு மத்தை உருட்டுகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்ட வேண்டும். விளிம்பைச் சுற்றி ஒரே சீராகச் சாம்பல் வளையம் விழுந்தால் வேலை முடிந்தது.

நானே உட்கார்ந்தேன். வேண்டுமென்றே குச்சியைக் கோணலாகப் பிடித்தேன்.

"வால்வ கெடுத்துறாத லா! தள்ளு!" என்று நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

வலது உள்ளங்கையைக் குச்சியில் வைத்தார். மற்றக் கை எழும்பவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என் உள்ளங்கையை எதிர்ப்பக்கம் வைத்தேன். முதலில் இரண்டு பேரும் ஒரே திசையில் தள்ளிச் சண்டை போட்டோம். மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. தேய்ந்த வால்வு கொஞ்சம் கீழே இறங்கும் என்பதால், தண்டின் நுனியை மயிரிழை குறைக்க வேண்டும். நான் பிடித்துக்கொள்ள, அவர் ஒற்றைக் கையால் அரம் போட்டார்.

பிறகு வந்த வால்வுகளையெல்லாம் அப்படித்தான் தேய்த்தோம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் கையை நான் அவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்ததே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில், பாதி வேலையில் போன் அடித்தது. கையை எடுத்துவிட்டு எழுந்தேன். பின்னால் வால்வு தேயும் சத்தம் நிற்கவில்லை. திரும்பினேன். அவருடைய இடது கை நடுநடுங்கி எழும்பி, குச்சியில் ஒட்டியிருந்தது. மூன்று சுற்று, நாலு சுற்று. அப்புறம் குச்சி சாய்ந்தது.

போன் அடித்து ஓய்ந்தது. நான் வால்வுக்கு மேலே குனிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அந்தாண்ட போய் அழு. பேஸ்ட்ல தண்ணி விழுது," என்றார்.

விழுந்தது என் கண்ணீர் மட்டுமில்லை.